செலின் அக்காவின் இடது பக்கம்

செய்தி வந்தபோது என் முன்னால் ஒரு காற்சட்டை விரிந்து கிடந்தது. பிரிக்பீல்ட்ஸ் கடை. திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. மேலே மோனோரயில் போனது. வாடிக்கையாளர் கிழிந்த இடத்தில் விரலை விட்டுக் காட்டினார்.

"புதுசு வாங்கலாம்மா. ஆனா என் இடுப்புக்குப் பொருந்தறது இது ஒண்ணுதான்."

சிரித்தேன். கைப்பேசி அதிர்ந்தது. கிள்ளான் பட்டறையிலிருந்து சரோஜா அக்காவின் குரல் பதிவு. காதில் வைத்தேன். முதலில் யாரும் பேசவில்லை. பின்னால் தையல் சத்தம் கேட்கவில்லை. பட்டறை அந்த நேரத்தில் அப்படி இருக்காது.

"பவி. செலின் அக்கா போயிட்டாங்க லா."

"எப்போ கிடைக்கும்?" என்று வாடிக்கையாளர் கேட்டார். புதன்கிழமை என்றேன். ரசீது எழுதிக் கொடுத்தேன். அவர் போனதும் கதவைப் பாதி இறக்கினேன்.

எதிர்பார்த்த சாவுதான். எதிர்பார்த்ததனால் எதுவும் குறையவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலர் செலின் அக்காவைச் செந்தூல் மாதா கோயில் பாடகர் குழுவில் பார்த்தவர்கள். சிலர் அவருடைய ரயில்வே குடும்பத்தை அறிந்தவர்கள், தம்பி அந்தோணியோடு படித்தவர்கள். கிள்ளான் பட்டறையில் அவரோடு நின்றவர்கள் மிகச் சிலர். நான் அவர்களில் ஒருத்தி. எனக்குத் தெரிந்தது அவருடைய வாழ்க்கையின் கடைசித் துண்டு மட்டும். அதைத்தான் எழுத முடியும்.

*

பல்கலைக்கழகம் முடித்து வேலை இல்லாமல் இருந்தபோது அவரிடம் போனேன். நேர்காணல் ஒரு பெரிய துணி மூட்டைமேல் நடந்தது. உட்கார வேறு இடமில்லை.

"தைக்கத் தெரியுமா?"

"தெரியாது."

"நல்லதா போச்சு. எனக்கும் தெரியாது. என்ன படிச்ச?"

"இலக்கியம்."

"அப்போ கிழிசலைப் பாத்து என்ன நடந்துச்சுன்னு எழுதத் தெரியும் இல்ல? ஆணியா, நெருப்பா, உடம்பு பெருத்துப் போச்சா? அது எழுது. போதும்."

அதுதான் என் வேலையானது. பிரிக்பீல்ட்ஸ் கடையில் துணி வாங்குவது. கிழிந்த கதையைச் சீட்டில் எழுதுவது. வாரத்தில் சில நாள் மூட்டைகளோடு கொமுட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போவது.

அவருக்கு உண்மையாகவே தைக்கத் தெரியாது. சட்டைப் பொத்தான் விழுந்தால் ஊக்குக் குத்திக்கொண்டு வருவார். சரோஜா அக்கா எங்கள் தலைமைத் தையல்காரர். பல ஆண்டுகள் ஏற்றுமதித் தொழிற்சாலையில் தைத்தவர். வாய் சும்மா இருக்காது.

"ஊர் துணியெல்லாம் ஒட்டுப் போடுறாங்க. மொதலாளியம்மா உடம்புல ஊக்கு. யாராவது ஹோட்டல்காரன் பாத்தான்னா ஆர்டர் போச்சு."

"அது டிசைன், சரோஜா. உனக்குப் புரியாது."

துணிமேல் அவருக்கு அன்பு ஒன்றும் கிடையாது. வீணாவதன்மேல் கோபம் இருந்தது. துறைமுகத்தில் கப்பல் கப்பலாகப் பழைய துணி இறங்குகிறது. அதை விற்கும் பண்டல் கடைக்காரர்கள் நல்லதைப் பொறுக்கிக்கொள்வார்கள். சின்னக் கிழிசல் உள்ளது, கறை பட்டது, ஜிப் போனது எல்லாம் கந்தல் மூட்டைக்குப் போகும். பிறகு குப்பைமேட்டுக்கு. அதில் கொஞ்சத்தைத்தான் பட்டறைக்கு வாங்கி வந்து ஒட்டுப் போட்டோம். ஒரு நாள் அந்தக் குப்பைமேட்டைப் பார்த்ததாகச் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்ததாம். துணி மலை நனைந்து மெல்ல அசைந்ததாம்.

"மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு பவி. நான் காருக்குள்ள உக்காந்து கதவைப் பூட்டிக்கிட்டேன்."

*

அவர் அறிந்தது இயந்திரங்களை. பட்டறை தொடங்குவதற்கு முன் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் இருந்தார். அங்கே பற்றவைக்கும் ரோபோக்கள் இரும்புக் கூண்டுக்குள் நிற்கும். கதவைத் திறந்தால் அவை நின்றுவிட வேண்டும். அடிக்கடி நின்றால் வேலை கெடுகிறது என்று யாரோ கதவுப் பூட்டில் ஒரு கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். கதவு திறந்தாலும் மூடியிருப்பதாகவே இயந்திரத்துக்குத் தெரியும். கீழே விழுந்த கையுறையை எடுக்க அவருடைய கூட்டாளி ஒருவர் உள்ளே போனார்.

இந்தக் கதையை அவர் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. கையுறை வரைக்கும் வருவார். பிறகு, "அவருக்கு ரொம்ப நேரம் ஆகல" என்பார். அதோடு எழுந்து போய் எதையாவது துடைப்பார்.

எங்கள் பட்டறையில் கூண்டு கிடையாது. இரண்டு இயந்திரக் கைகள் மட்டும். மனிதரோடு ஒரே மேசையில் வேலை செய்யும் வகை. கோபோட் என்பார்கள். நாங்கள் பெரியவன், சின்னவன் என்போம். பெரியவன் துணியை ஒரு வளையத்தில் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நம்மில் ஒருவர் ஒட்டுத்துணியை வைத்து, சின்னவனைப் பிடித்து, கிழிசலின் ஓரமாக ஒரு தடவை நடத்திக் காட்ட வேண்டும். பிறகு அது அதே வழியில் தானாகத் தைத்துக்கொண்டு போகும். அதன் பக்கத்திலேயே நம் கை துணியை நீவிக்கொண்டிருக்கும். சின்னவன்மேல் ஏதாவது கொஞ்சம் அழுத்தினாலும் நின்றுவிடும். மஞ்சள் விளக்கு எரியும். யாராவது வந்து திரையைத் தொட்டால்தான் மறுபடி நகரும்.

இதற்காக அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். காலையில் வேலை தொடங்குமுன் எல்லோரும் கை கொடுக்க வேண்டும். சின்னவனை ஓடவிட்டு, அதன் வழியில் நம் கையை வைக்க வேண்டும். அது வரும். தொடும். நிற்கும். அதை அவரவர் தோலில் உணர்ந்த பிறகுதான் வேலை. அவர் முதலில் கொடுப்பார். விருந்தாளியும் தப்ப முடியாது. ஒரு ஹோட்டல் அதிகாரி, பூமிக்கு நல்லது செய்கிறோம் என்று காட்டும் தங்கள் சஸ்டெய்னபிலிட்டி அறிக்கைக்குப் படம் எடுக்கவேண்டும் என்று கோட்டோடு வந்தார்.

"எடுங்க சார். மொதல்ல கை குடுங்க. அப்புறம் எடுங்க."

அதிகாரி கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார்.

ஒட்டுத்துணி வெட்டும் மலாய்க்கார அக்கா காக் நோர் ஒவ்வொரு காலையும் சின்னவனுக்கு, "பாகி, அபாங்" என்று மலாயில் அண்ணனுக்குச் சொல்வதுபோல் காலை வணக்கம் சொல்லிக் கை வைப்பார். சரோஜா அக்கா வைத்தால் ஒரே வசனம். "என் வீட்டுக்காரர்கூட இவ்வளவு பதமா தொட்டதில்ல." தினமும் சொல்வார். தினமும் சிரிப்போம்.

"கூண்டுல இருந்த மெஷினுக்கும் நாம யாருன்னு தெரியாது, இதுக்கும் தெரியாது" என்பார் செலின் அக்கா. "ஆனா இது கேக்கும். மேல பட்டா கேக்கும்."

*

தைப்பூசம் முடிந்த வாரம். பத்துமலைப் படி ஏறி வந்த சரோஜா அக்கா கால் வீங்கி, நாற்காலியில் உட்கார்ந்தே தைத்துக்கொண்டிருந்தார். ஒரு புதிய ஹோட்டல் பழைய சீருடைகளை மூட்டை மூட்டையாக அனுப்பியிருந்தது. திறப்பு விழாவுக்கு முன் திருப்பித் தரவேண்டும். முடியாவிட்டால் எல்லாவற்றையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்குவார்கள். அதற்குப் பிறகு வேறு ஹோட்டல் எதுவும் எங்களைத் தேடி வராது. எல்லோருக்கும் தெரியும். செலின் அக்காவே மேசையில் நின்றார். தைக்கத் தெரியாதவருக்கும் துணியை நீவத் தெரியும்.

அப்போதுதான் சின்னவன் நிற்கத் தொடங்கியது.

பாதித் தையலில் நிற்கும். மஞ்சள் விளக்கு. அவர் திரையைத் தொடுவார். கொஞ்ச தூரம் போகும். மறுபடி நிற்கும்.

"என்னடா உனக்கு?"

நாங்கள் எல்லோரும் இயந்திரத்தையே பார்த்தோம். துடைத்தோம். மூட்டுகளில் நூல் சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தோம். பூச்சோங்கிலிருந்து டெக்னீஷியன் வந்தார், இளம் சீனர். மணிக்கணக்கில் சோதித்தார். ஒரு பாகத்தை மாற்றிவிட்டுப் போனார். மறுநாளும் நின்றது. மறுபடி வந்தார்.

"மெஷின் ஓகே, பாஸ். யாரோ தள்ளுறாங்க."

"யாரு தள்ளுறா? நான் மட்டும்தானே இங்க நிக்கிறேன்?"

"அப்போ தெரியல லா."

சரோஜா அக்கா நாற்காலியிலிருந்தே குரல் கொடுத்தார். "பேய்தான் தள்ளுது. போன மாசம் ஜப்பான் மூட்டையில ஒரு கல்யாண உடுப்பு வந்துச்சே, அந்தப் பொண்ணு."

காக் நோர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "சரோ. இதை விளையாட்டுக்கும் பேசாதே."

சிரிப்பு நின்றது. அன்று காக் நோர் வழக்கத்தைவிட முன்னதாக வீட்டுக்குப் போனார்.

வேறு சிலவும் நடந்தன. அப்போது அவை தனித்தனியாக இருந்தன. செலின் அக்காவுடைய காரின் இடப்பக்கக் கண்ணாடி தூணில் இடித்து உடைந்தது. மாற்றினார். மறுபடி உடைந்தது.

"லைசென்ஸ் கோப்பிக் கடையில வாங்குனதா அக்கா?" என்றார் சரோஜா அக்கா.

"தூணு நகருதுடி."

பட்டறைக் கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டு வருவார். கார் பழுதுக்குப் போயிருந்த ஒரு காலை, மேற்சட்டையின் வலக்கையை மட்டும் போட்டுக்கொண்டு வந்தார். இடக்கை தோளிலிருந்து காலியாகத் தொங்கியது. ஸ்டேஷனிலிருந்து அப்படியே நடந்து வந்திருக்கிறார்.

"இது என்ன, புது ஃபேஷனா?"

குனிந்து பார்த்தார். வேறு யாருடைய சட்டையையோ பார்ப்பதுபோல் பார்த்தார். "ஓ" என்றார். போட்டுக்கொண்டார்.

பிறகு இன்னொரு காலை. கை கொடுக்கும் நேரம். வலக்கையில் தேநீர்க் கோப்பை இருந்ததால் இடக்கையை வைத்தார். சின்னவன் வந்தது. தொட்டது. நின்றது. மஞ்சள் விளக்கு எரிந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பி என்னிடம் மூட்டைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்துக் கேட்டார்.

"என்ன, இன்னும் வரலையா?"

"வந்து நின்னுருச்சு அக்கா" என்றார் சரோஜா அக்கா.

அவர் திரும்பிப் பார்த்தார். சின்னவனின் முனை அவருடைய மணிக்கட்டில் படிந்திருந்தது.

"ரொம்ப மெதுவா வருது போல" என்றார். "சென்சார் போச்சு."

நாங்கள் தலையாட்டினோம். சென்சார்தான்.

*

பட்டறையில் இயந்திரங்களின் கடவுச்சொல் செலின் அக்கா ஒருவருக்குத்தான் தெரியும். எவ்வளவு அழுத்தினால் சின்னவன் நிற்கவேண்டும் என்ற அளவை மாற்ற அது வேண்டும். அந்த அளவை யாரும் தொடக்கூடாது என்பது அவருடைய சட்டம். வேலை குவிந்த எந்த நாளிலும் அவர் அதைத் தொட்டதில்லை. நான் கேட்டும் இருக்கிறேன், சரோஜா அக்கா கெஞ்சியும் இருக்கிறார். "கையுறை" என்று ஒரு சொல் சொல்வார். பேச்சு முடிந்துவிடும்.

ஹோட்டல்காரர்கள் தொலைபேசியில் கத்திய நாளில் அவரே திரையின் முன் போய் நின்றார். அழுத்தினார். அளவை ஏற்றினார்.

காக் நோர் மட்டும், "ஜாங்ஙான் லா, செலின்" என்றார். வேண்டாம் என்று.

"கொஞ்ச நாளைக்குத்தான். ஆர்டர் முடியட்டும். சென்சார் பொய் சொல்லுது. பொய்க்கு நான் பயப்பட மாட்டேன்."

அதன் பிறகு சின்னவன் நிற்கவில்லை.

அந்த வாரத்தைப் போல் பட்டறை என்றும் ஓடியதில்லை. தையல் சத்தம் அறுபடாமல் கேட்டது. சீருடைகள் அடுக்கடுக்காக ஏறின. செலின் அக்கா மேசையில் நின்று நீவினார். பாட்டு முணுமுணுத்தார். சின்னவன் அவருக்கு இடப்பக்கத்தில் போய்ப்போய் வந்தது. மஞ்சள் விளக்கு எரியவேயில்லை. நான் மூட்டைகளை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக இருந்தது.

பகல் சாப்பாட்டுக்குக் கடையிலிருந்து சோறு தாபாவ் செய்து கொண்டுவந்திருந்தோம், பொட்டலம் பொட்டலமாக. செலின் அக்கா கை கழுவச் சட்டைக்கையைச் சுருட்டினார். சரோஜா அக்கா பக்கத்தில் நின்றார்.

"ஐயோ. யாரு அக்கா அடிச்சது?"

இடது முன்கை. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கன்றியிருந்தது. பழையது மஞ்சள், புதியது நீலம். ஒன்றன்மேல் ஒன்று.

"யாரு அடிச்சா?"

"அதைத்தான் கேக்குறேன். அந்தோணியா?"

"அந்தோணியா? அவன் கொசுவையே ஊதித்தான் விரட்டுவான்."

"வலிக்கலையா?"

"எது?"

சரோஜா அக்கா அந்தக் கையைப் பிடித்தார். கன்றிய இடத்தில் கட்டைவிரலை வைத்தார். அழுத்தினார். செலின் அக்கா எங்கள் பக்கம் திரும்பி, ரசம் யாருக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சரோஜா அக்கா இன்னும் அழுத்தினார். அவருடைய நகம் வெளுத்தது. செலின் அக்கா ரசப் பையின் ரப்பரைப் பல்லால் அவிழ்த்தார்.

காக் நோர் சுவரோரம் நடந்து போய் பெரிய சுவிட்சை அணைத்தார். இரண்டு இயந்திரக் கைகளும் காற்றில் அப்படியே நின்றன.

சின்னவன் அதுவரை சொன்னது பொய் இல்லை. டெக்னீஷியன் சொன்னதும் பொய் இல்லை. அவருடைய இடக்கை தானறியாமல் அதன்மேல் சாய்ந்துகொண்டிருந்தது. அதை முதலில் அறிந்தது அது. அறிந்த ஒவ்வொரு தடவையும் நின்று சொன்னது. நாங்கள் அதற்கு உதிரிபாகம் மாற்றினோம். பிறகு அது சொல்லாதபடி செய்தோம். அது அவரைத் தள்ளிக்கொண்டே தன் வழியில் தைத்தது.

*

காக் நோரின் காரில் அழைத்துப் போனோம். வழியெல்லாம் திட்டினார். "ஆர்டரை யாரு முடிப்பா? ஒரு காயத்துக்கு மூணு பொம்பளைங்க லீவா?" அவசரப் பிரிவு வாசலில் இறங்கும்போது இடக்கால் செருப்பு காரிலேயே கிடந்தது. அவர் ஒற்றைச் செருப்போடு உள்ளே நடந்தார்.

மூளையின் வலப்பக்கம். கட்டி. அந்தோணி அண்ணன் வெளியே வந்து இந்த மூன்று சொற்களை மட்டும் சொன்னார். அறுவை செய்தார்கள். எல்லாவற்றையும் எடுக்க முடியவில்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று அண்ணன் டாக்டரிடம் கேட்டார். டாக்டர் கோப்பைப் பார்த்தார். "சொல்ல முடியாது" என்றார். அது எந்தப் பக்கம் சாயும் பதில் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை.

வார்டில் தலை மழித்துப் படுத்திருந்தார். என்னைக் கட்டிலின் வலப்பக்கம் வரச் சொன்னார். இடப்பக்கம் நின்றிருந்த அண்ணன் அவருக்கு அந்த அறையிலேயே இல்லை.

"அந்த டெக்னீஷியன் பையன் சரியாத்தான் சொன்னான், பவி. யாரோ தள்ளிக்கிட்டுதான் இருந்திருக்காங்க."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"கம்பி சுத்துனவன் எவன்னு எத்தனை வருஷமா தேடிக்கிட்டு இருந்தேன் தெரியுமா? அந்த ஃபேக்டரியில. எவனாவது கெட்டவன்னு நெனைச்சேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கெட்டவனா இருக்க வேண்டியதில்ல. அவசரம் போதும்."

பிறகு என் காதை அருகில் கொண்டுவரச் சொல்லிக் கடவுச்சொல்லைச் சொன்னார்.

"பழைய அளவுக்கு மாத்து. அது மொதல்ல. மத்த பேச்செல்லாம் அப்புறம்."

அன்றே கிள்ளானுக்குப் போய் மாற்றினேன். ஆர்டரின் ஒரு பகுதி தாமதமானது. ஹோட்டல் மிச்சத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டது. அவை என்னவாயின என்று நாங்கள் கேட்கவில்லை.

அவர் ஒரே ஒரு தடவை பட்டறைக்கு வந்தார். சக்கர நாற்காலியில், அந்தோணி அண்ணன் தள்ள. வந்ததும், "கை குடுத்தாச்சா?" என்றார். கொடுத்தோம். சரோஜா அக்கா தன் வசனத்தைச் சொன்னார். சிரிக்க முயன்றோம். செலின் அக்கா வலக்கையைக் கொடுத்தார். பிறகு இடக்கையை எடுத்து வைக்கும்படி அண்ணனிடம் சொன்னார். அண்ணன் அதை ஒரு பொருளைத் தூக்குவதுபோல் தூக்கி மேசைமேல் வைத்தார். சின்னவன் வந்தது. தொட்டது. விளக்கு எரிந்தது.

"நின்னுச்சா?"

"நின்னுச்சு அக்கா."

"நெசமா?"

"நெசமா."

அவர் மேசைமேல் கிடந்த கையை வெகுநேரம் பார்த்தார்.

"இது யாரு கை?"

காக் நோர்தான் குனிந்து, அந்தக் கையை எடுத்து, அவருடைய வலக்கைக்குள் வைத்தார். "உன்னோடதுதான் செலின். நாங்க பாத்துக்குறோம்."

*

கடைசியாகச் செந்தூல் அடுக்குமாடி வீட்டில் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே புதிய கொண்டோ கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. கிரேன் திரும்பும்போதெல்லாம் அறைக்குள் ஒரு நிழல் போனது. அண்ணன் அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்தார். மீன் குழம்பு, கீரை. அவர் வலக்கையால் தானே சாப்பிட்டார். நிதானமாக, ரசித்து. தட்டின் நடுவில் கோடு போட்டதுபோல் வலப்பாதி சுத்தமாகக் காலியானது. இடப்பாதியில் சோறு அப்படியே இருந்தது.

"முடிஞ்சுது" என்றார். "இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம்."

அண்ணன் தட்டைத் திருப்பி வைத்தார்.

"அட. இருக்கே." உண்மையான ஆச்சரியம். "எப்போ போட்ட?"

மறுபடி சாப்பிட்டார். அந்தப் பக்கத்திலும் ஒரு பாதி மிஞ்சியது. அண்ணன் மறுபடி திருப்பினார். ஒவ்வொரு தடவையும் அவர் மகிழ்ந்தார்.

"பவி, பாத்தியா? திருப்புறதுக்கு ஒரு ஆள் இருக்கான் எனக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் பட்டறையைத் திறந்தோம். இப்போது நாங்கள் மூவரும்தான் நடத்துகிறோம். வேலை இருக்கிறது. துறைமுகத்தில் மூட்டைகள் குறையவில்லை. போன வாரம் சின்னவன் பாதித் தையலில் நின்றது. சரோஜா அக்கா மேசையில் இருந்தார். யாரும் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. காக் நோரும் நானும் சரோஜா அக்காவின் கைகளைப் பார்த்தோம். சரோஜா அக்காவும் தன் கைகளைத்தான் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். துணியில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது, அவ்வளவுதான். இருந்தாலும் கொஞ்ச நேரம் யாரும் திரையைத் தொடவில்லை.

அவர் பெயரில் நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம். சாப்பிட்டு எழுவதற்கு முன் தட்டைத் திருப்பிப் பார்க்கிறேன். பிரிக்பீல்ட்ஸில் தனி அறையில் இருக்கிறேன். திருப்புவதும் நான், பார்ப்பதும் நான். இதுவரை ஒரு நாளும் மிச்சம் இருந்ததில்லை. எனக்கு அப்படித்தான் தெரிகிறது.